கத்தி வேண்டாம், சுடுநீர் போதும்



இந்த மாதம் ஒரு சின்ன வீட்டு வேலையைப் பற்றி உங்களுடன் கதைக்க விரும்புகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் பிறீசரில் கட்டிபட்டுப் போகும் ஐஸை உருக்கி, பெட்டியைத் துப்புரவு செய்வதுதான் அந்த வேலை. "இதையெல்லாம் எழுதவும் வேண்டுமா?" என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஒரு பிறிட்ஜ்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு பிறீசரில் மீன் பை ஒன்று ஐஸுக்குள் புதைந்து போயிருந்தது. இழுத்தும் வரவில்லை. சமையலுக்கு நேரமாகிவிட்டதென்று மரக்கறி வெட்டும் கத்தியின் நுனியால் ஐஸைக் குத்திப் பெயர்த்தேன். நான்காவது குத்தில் "சீ..." என்று ஒரு சத்தம் வந்தது. ரயரில் காற்றுப் போவது போன்ற சத்தம். இரண்டு நிமிடத்தில் சத்தம் ஓய்ந்தது. அதன்பின் அந்தப் பெட்டி குளிரவே இல்லை. திருத்த வந்தவர் உள்ளே பார்த்துவிட்டு, "காஸ் போற குழாயிலதான் குத்தியிருக்கிறீங்கள் மிஸ்" என்றார். ஓட்டையை அடைத்து, காஸ் நிரப்பி, சில மாதங்கள் ஓடியது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

என்னிடம் மாதச் சம்பளம் இருந்தது. ஆகவே அந்த நட்டத்தை ஒருவாறு தாங்கிக் கொண்டேன். பிறிட்ஜையே நம்பிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கையில் அதே கத்தியைக் கண்ட போதுதான் இது சின்ன விடயம் அல்ல என்று எனக்கு விளங்கியது.

அந்த அக்காவின் வீடு வன்னியில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போக வேண்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. பெயரும் ஊரும் வேண்டாம். கணவரை 2009 இல் இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் வயதான தாயாரையும் தனியாகப் பார்த்தவர். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மகன் மேசன் வேலைக்குப் போகிறான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடனெடுத்து, ஒற்றைக் கதவு பிறிட்ஜ் ஒன்று வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ்பைக்கற் செய்து விற்கிறார். பாதிக் கடன் இன்னும் இருக்கிறது.

அவருடைய கணக்குக் கொப்பியைப் பார்க்கத்தான் அன்று போனேன். படலையைத் திறக்கும்போதே குசினிப் பக்கம் "டக், டக்" என்று கேட்டது. எட்டிப் பார்த்தால், பிறிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, தேங்காய் உடைக்கும் கத்தியின் பின்பக்கத்தால் ஐஸை அடித்துக் கொண்டிருக்கிறார். பிளக்கும் கழற்றப்படவில்லை. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஏன் பிள்ளை, என்ன?" என்று திகைத்துப் போனார்.

என் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் போன வருசமும் இப்பிடித்தான் அடிச்சனான். தப்பிப் போச்சுது" என்றார்.

பிறீசரில் ஐஸ் மூன்று விரல் தடிப்புக்கு வளர்ந்திருந்தது. அதன் சின்னக் கதவு மூட முடியாமல் பாதியில் நின்றது. "ரெண்டு மாசமா ஐஸ்பைக்கற் இறுகுதில்லை. கரண்ட் பில்லும் கூடிப் போச்சுது. பெட்டி பழுதாப் போச்சுதெண்டு நினைச்சன்" என்றார். பெட்டி பழுதாகவில்லை, ஐஸ் மட்டுமே கூடிவிட்டது.

ஐஸ் ஏன் கட்டுகிறது?

கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே போகிறது. எங்கள் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் பிறீசரின் சுவரில் பட்டவுடன் உறைகிறது. சூடு ஆறாத கறியை வைத்தாலும், கழுவிய மீனை நீர் வடியாமல் வைத்தாலும், கதவு றப்பர் தளர்ந்திருந்தாலும் ஐஸ் இன்னும் விரைவாகக் கட்டும்.

"ஐஸ் கூடினால் குளிரும் கூடுந்தானே?" என்று பலர் கேட்பதுண்டு. அப்படியல்ல. குளிர் வருவது ஐஸிலிருந்து அல்ல, சுவருக்குள் ஓடும் குழாய்களிலிருந்து. சுவரின் மேல் தடித்த ஐஸ் ஒரு கம்பளிப் போர்வை போலப் படர்ந்து, குளிரை உணவுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஆகவே மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டி வருகிறது. எங்கள் நாட்டில் பாவிக்கும் யூனிற் கூடக்கூட ஒரு யூனிற்றின் விலையும் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். ஐஸ் தடித்த பிறீசர் எங்கள் பணப்பையில் கைவைப்பது அப்படித்தான்.

ஐஸ் அரை சென்ரிமீற்றர், அதாவது சுண்டுவிரல் தடிப்பில் ஏறக்குறையப் பாதி வந்தவுடனேயே உருக்கிவிட வேண்டும். இரண்டு கதவுள்ள, 'ஐஸ் கட்டாத' வகைப் பெட்டிகள் தாமாகவே உருக்கிக் கொள்ளும். எங்கள் கிராமங்களில் அதிகம் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டிகளுக்கும், மேற்கதவுள்ள பெரிய ஐஸ் பெட்டிகள் பலவற்றுக்கும் இந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

அக்காவின் பெட்டியில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. "இது என்னத்துக்கெண்டு தெரியாது. அமத்தப் பயம்" என்றார். ஐஸை உருக்குவதற்கான பொத்தானே அதுதான்! அமர்த்தினால் மோட்டார் நின்று ஐஸ் உருகும். உருகியதும் தானாக மீண்டும் ஓடத் தொடங்கும். பெட்டியோடு வந்த கையேட்டை அக்கா பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.

இதைப் பற்றி நான் பிறகு யோசித்தேன். சோறு வடிப்பதையும் தோசைக்கல்லைப் பழக்குவதையும் எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினோம். பிறிட்ஜ் விடயத்தில் அந்தச் சங்கிலி எங்கள் பகுதியில் அறுந்து போனது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. வன்னியின் பல கிராமங்கள் மீள்குடியேற்றத்துக்குப் பிறகுதான் மின்சாரத்தைக் கண்டன. எங்கள் வீட்டு பிறிட்ஜ் நான் சிறுமியாக இருந்த காலத்தில் புத்தக அலுமாரி. எலியும் கறையானும் நுழையாத ஒரே இடம் என்று அம்மா அதற்குள் கொப்பிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வைத்திருந்தார். அம்மாவிடம் நான் எங்கே ஐஸ் உருக்கப் பழகுவது? ஆகவே, தெரியாதென்று சொல்ல யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

எறிய முடியாத பைகள்

அன்று கணக்குக் கொப்பியை ஒதுக்கி வைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து பெட்டியைத் துப்புரவாக்குவோம் என்றேன். பிளக்கைக் கழற்றினோம். உள்ளே இருந்ததை வெளியே எடுக்கத் தொடங்கினோம். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

ஐஸ்பைக்கற் கொஞ்சந்தான். மற்றதெல்லாம் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகள். ஒரு கரண்டி சோறு. அரைத்துண்டு மீன். யாரோ வீட்டு அந்தியேட்டியில் கொடுத்த வடை. பருப்புக்கறி. தேங்காய்ப்பூ. நிறம் மாறிய இறைச்சித் துண்டு. எது எந்த மாதத்தது என்று அவருக்கும் தெரியாது. சிலவற்றை முகர்ந்து பார்த்து, நான் நேரே குப்பை வாளிக்குள் போட்டேன். நாலைந்து பை போட்டிருப்பேன். அக்கா ஒன்றும் பேசாமல் குனிந்து, ஒவ்வொன்றாக வாளியிலிருந்து எடுத்து, மீண்டும் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, கோவிக்காதையுங்கோ. உதை எறிய எனக்குக் கை வராது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கடைசி நாட்களிலை என்ரை சின்னவன் சோறு கேட்டு அழேக்கை, உப்புமில்லாத கஞ்சி ஒரு பேணிதான் இருந்தது. அதை நாலு பேர் குடிச்சம். அண்டைக்குப் பிறகு ஒரு பருக்கையைக் கொட்டினாலும் அவன் அழுகிற சத்தம் கேக்கும்."

நான் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சமூகவியல் படித்தவள், பத்து வருடத்துக்கு மேல் பெண்களோடு வேலை செய்பவள். ஆனாலும் ஒருவருடைய பிறீசரைத் திறக்கும்போது கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குக் குப்பையாகத் தெரிந்தது அவருக்கு நாளைய பசிக்கான காவல்.

இப்படிச் சேர்த்து வைக்கும் பெண்கள் எங்களிடையே பலர். ஒரு மூடை அரிசி தீருமுன் இன்னொரு மூடை, கட்டில் கீழே பருப்பு, கூரைத் தட்டில் மா. பட்டினியைக் கண்டவர்களிடம் இது இருப்பது இயல்பு. யாரும் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நோய் என்று பெயர் வைக்கவும் வேண்டாம்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். பழுதான உணவு காவலாக இராது. உறைநிலைக் குளிர் கிருமிகளை உறங்க வைக்குமே தவிரப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஐஸ் இளகியவுடன் அவை மீண்டும் பெருகும். கரண்ட் போய் இளகி, மீண்டும் உறைந்த மீனைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. சூரை போன்ற மீன்களைக் குளிரில்லாமல் வைத்தால் அவற்றில் ஒருவகை நஞ்சு உண்டாகும். அதைக் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது.

இதைச் சொன்னபோது அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு நாங்கள் மேசையில் மூன்று குவியல் போட்டோம். எந்தப் பை எந்தக் குவியலுக்கு என்று அவரே முடிவு செய்தார். இன்றே சமைத்து முடிப்பது ஒன்று. வைத்திருக்கக்கூடியது ஒன்று. மூன்றாவது குவியலை அவர் எறியவில்லை. தென்னைக்கு அடியில் ஆழமாகக் கிடங்கு கிண்டித் தாட்டார். "மரத்துக்குப் போனால் வீண் இல்லைத்தானே" என்றார். அது எனக்குத் தோன்றாத யோசனை.

இன்சுலின் போத்தல்

பைகளெல்லாம் வெளியே வந்த பின், பின்சுவரோடு ஒட்டியபடி ஒரு சின்னக் காகிதப் பெட்டி தெரிந்தது. உள்ளே இரண்டு இன்சுலின் போத்தல்கள். கல்லுப் போல உறைந்திருந்தன.

அம்மாவுக்கு நீரிழிவு. கிளினிக்கில் தரும் மருந்தை "குளிரிலை வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். கூடக் குளிர்ந்தால் கூட நல்லதென்று அக்கா பிறீசருக்குள் வைத்திருக்கிறார். தேவைப்படும்போது எடுத்து, இளக வைத்து ஏற்றுவார். மூன்று மாதமாகச் சீனி இறங்கவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் மருந்தின் அளவைக் கூட்டிக் கொண்டே போனார்கள். "கிழவி களவா இனிப்புத் தின்னுது" என்று வீட்டில் எல்லோரும் அந்த மனிசியை ஏசியிருக்கிறார்கள். அம்மா திண்ணையில் இருந்தபடி, "நான் தின்னேல்லை எண்டு சொன்னன், ஆர் கேட்டது?" என்றார்.

சகோதரிகளே, இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். இன்சுலின் ஒரு தடவை உறைந்தால் அதன் வேலை கெட்டுவிடும். இளகிய பின் பார்வைக்கு நல்லது போல இருந்தாலும் அதை நம்ப முடியாது. பாவிக்கக் கூடாது.

- திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். அதாவது பிறிட்ஜின் நடுத்தட்டில், பின்சுவரில் முட்டாமல், ஒரு மூடியுள்ள பெட்டிக்குள். பிறீசருக்குள்ளும் அதற்கு நேர் கீழேயும் வைக்கக் கூடாது.
- பாவிக்கத் தொடங்கிய போத்தலை, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் ஏறக்குறைய 4 கிழமை வைத்திருக்கலாம். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். பெட்டியிலுள்ள அறிவுறுத்தலையோ மருந்தாளரையோ கேட்டு உறுதி செய்யுங்கள்.
- பிறிட்ஜ் இல்லாதவர்கள், ஈர மணலில் வைத்த மண்சட்டிக்குள், நீர் புகாத பையில் சுற்றி வைக்கலாம்.

இன்னொன்று மிக முக்கியம். பழுதான மருந்துக்கு ஏற்ப அளவு கூட்டப்பட்டிருந்தால், நல்ல மருந்தை அதே அளவில் ஏற்றும்போது சீனி சடுதியாக இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, மயக்கம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. அதனால் மருந்து உறைந்துவிட்டது என்று கிளினிக்கில் மறைக்காமல் சொல்லி, புதிய மருந்தையும் புதிய அளவையும் கேட்டுக் கொள்ளுங்கள். ஏசுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நாங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ, மருந்தை நிறுத்தவோ கூடாது. அக்காவும் நானும் அடுத்த நாள் காலையே அம்மாவைக் கூட்டிக் கொண்டு போனோம்.

உருக்கித் துப்புரவாக்கும் முறை

இனி, அன்று நாங்கள் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

1. பெட்டியில் சாமான் குறைவாக உள்ள நாளைத் தெரிவு செய்யுங்கள். எங்கள் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை நல்லது. வியாழனோடு மீனை முடித்துவிட்டால் வெள்ளி காலை பிறீசர் காலியாக இருக்கும்.

2. உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு சுவிச்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். உருக்கும் பொத்தான் இருந்தாலும், நீரைக் கொண்டு துடைக்கும்போது பிளக் கழன்றிருக்க வேண்டும்.

3. உறைந்த சாமான்களை நெருக்கமாக அடுக்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, றெஜிபோம் பெட்டியிலோ, சாக்கும் தடித்த துணியும் சுற்றிய பெரிய பானையிலோ மூடி வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் குளிர் விரைவில் போகாது.

4. கீழே பழைய சாரம், துவாய்களைப் போடுங்கள். பிறீசருக்குக் கீழுள்ள நீர்த்தட்டை அடிக்கடி பார்த்து ஊற்றுங்கள்.

5. ஒரு சட்டியில் சுடுநீர் எடுத்து, மடித்த துணியின் மேல் பிறீசருக்குள் வைத்து, கதவைச் சாத்துங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்ரிக் வெடிக்கலாம். 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். மூன்று நான்கு சட்டியில் ஐஸ் பாளம் பாளமாகக் கழன்று விழும். கையால் எடுக்கலாம். வராவிட்டால் மர அகப்பையால் மெதுவாக நெம்பலாம். கத்தி, முள்ளுக்கரண்டி, அலவாங்கு எதுவும் வேண்டாம். அவசரம் இல்லாவிட்டால் கதவைத் திறந்து விட்டாலே போதும், எங்கள் வெக்கைக்கு மூன்று நான்கு மணித்தியாலத்தில் உருகிவிடும். அடுப்புத்தணலையோ விளக்கையோ கிட்டக் கொண்டு போகாதீர்கள்.

6. தட்டுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி, சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். குளிர்ந்த கண்ணாடித் தட்டில் உடனே சுடுநீர் ஊற்றினால் வெடிக்கும். கொஞ்சம் ஆறவிடுங்கள்.

7. ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 2 மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து உட்புறம் முழுவதும் துடையுங்கள். மணம் போகும், சுவரும் கெடாது. பிறகு வெறும் நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வெளிற்றும் திரவத்தையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நச்சுக்காற்று வரும்.

8. கதவு றப்பரின் மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சணம் இருக்கும். பழைய பல் பிறஷ்ஷால் தேயுங்கள். பிறகு ஒரு தாளைக் கதவுக்கிடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது. இலகுவாக வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது.

9. கீழ்ப்பகுதியின் பின்சுவரில் நீர் வடியும் ஓட்டை இருந்தால், துணி சுற்றிய ஈர்க்கால் மெதுவாகத் துப்புரவாக்குங்கள். அது அடைபட்டால்தான் பெட்டிக்குள் நீர் தேங்கும். வெளியே பின்பக்கக் கம்பிகளில் தூசி இருந்தால் உலர்ந்த பிறஷ்ஷால் தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

10. உட்புறம் நன்றாகக் காய்ந்த பிறகு பிளக்கைப் போடுங்கள். பெட்டி குளிர்ந்த பின் சாமான்களை வையுங்கள். இன்னும் ஐஸ் துகள் உள்ளதை மீண்டும் உறைய வைக்கலாம். முற்றாக இளகினாலும் குளிராக இருப்பதை அன்றே சமையுங்கள்.

தவறிக் குத்தி, "சீ" என்று சத்தம் வந்தால், கதவு யன்னல்களைத் திறந்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்து, அந்த அறைச் சுவிச்சுகளைத் தொடாமல் சற்று வெளியே நில்லுங்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்ற காஸ் தீப்பற்றக்கூடியது. எந்தக் காஸ் என்பது பெட்டியில் ஒட்டிய தாளில் இருக்கும்.

மறுபடி நிரப்பும்போது

பிறீசர் கதவில் நட்சத்திர அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் குளிர் சைபருக்குக் கீழே 6 பாகை. உறைந்த உணவை ஒரு கிழமை வைக்கலாம். இரண்டு என்றால் 12 பாகை, ஒரு மாதம். மூன்று என்றால் 18 பாகை, மூன்று மாதம். ஒரு நட்சத்திரப் பெட்டியில் ஆறு மாத மீனை வைத்திருப்பது மின்சாரத்துக்கும் நட்டம், வயிற்றுக்கும் கேடு.

மீனை வெட்டிக் கழுவி, நீரை வடித்து, ஒரு நேரக் கறிக்குத் தேவையான அளவாகப் பிரித்துக் கட்டுங்கள். பையில் திகதியை எழுதுங்கள். பழையதை முன்னால், புதியதைப் பின்னால் வையுங்கள். கறிகளை ஆறவைத்து மூடி வையுங்கள்; ஆனால் சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

மின்வெட்டையும் நாங்கள் மறக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நின்றது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதிருப்பதே முதல் வேலை. மூடியபடி இருந்தால் கீழ்த்தட்டு ஏறக்குறைய 4 மணித்தியாலம் குளிராக இருக்கும். நன்றாகக் குளிரும், நிறைந்த தனிப் பிறீசர் 2 நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சின்னப் பிறீசர் அவ்வளவு நேரம் தாங்காது. அதற்குள் சில நீர்ப்போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி உறைய வைத்திருந்தால் அவை உதவும்.

ஒரு மாதம் கழித்து அக்காவிடம் மீண்டும் போனேன். ஐஸ்பைக்கற் கல்லாக இறுகியிருந்தது. பைகளில் மகனின் கையெழுத்தில் திகதிகள். சுவர்க் கலண்டரில், அடுத்து ஐஸ் உருக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக்குச் சிவப்பு வட்டம். அம்மாவின் சீனி இறங்கத் தொடங்கியிருந்தது. யாரும் இப்போது அவரை ஏசுவதில்லை. பிறீசரின் ஒரு மூலையில் மட்டும் நான்கு பை சோறு இருந்தது. நான் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"அது இருக்கட்டும் பிள்ளை. திகதி போட்டிருக்கு. கிழமைக்கொருக்கா மாத்திறனான்" என்றார்.

"இருக்கட்டும் அக்கா" என்றேன்.

இந்தக் கிழமை உங்கள் வீட்டு பிறீசரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டில் இன்சுலின் ஏற்றும் முதியவர் இருந்தால், மருந்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தை வாசிக்க முடியாத அயலவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.